ஈறு இறங்கிய வருடம்

"இது யாரோட அளவு அண்ணே? வயசான அம்மா யாராவது வந்தாங்களா?"

பல் டாக்டர் அந்தப் பிளாஸ்டர் அச்சை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். பல்செட்காரரின் கையிலிருந்த மெழுகுக் கத்தி மேஜையில் விழுந்து, அங்கிருந்து தரைக்கு உருண்டது.

"ஈறு நல்லா இறங்கியிருக்கு. மேல முன்பல்லு ரெண்டும் ஆட ஆரம்பிச்சிருக்கும். அறுபது, அறுபத்தஞ்சு இருக்குமா வயசு?"

"இருக்கும்" என்றார் பல்செட்காரர்.

டாக்டர் அச்சை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். பின்கட்டில் இருந்த அந்தச் சின்னப் பட்டறையில், பாதி கட்டிய பல் செட்டுகளுக்கு நடுவே, பல்செட்காரர் அந்த அச்சைக் கையில் எடுத்தார். அது அவர் மனைவியின் அளவு. முந்தின நாள் அவரே எடுத்தது. மனைவியின் வயது நூற்று அறுபத்தொன்பது. ஆனால் அவளுடைய ஈறு நாற்பதைத் தாண்டக் கூடாது. நூற்று முப்பது வருடமாகத் தாண்டியதில்லை.

நடந்தது இதுதான். ஒரு காலத்தில் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் பரவி, ஆலயத்தையே ஆஸ்பத்திரியாக்கி, பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு நோயாளிகளைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். நாற்பது பேர் படுத்த இடத்தில் காலையில் எழுந்தது மூன்று பேர்: அவரும், மனைவியும், இருபது வயது மகளும். முழங்காலில் நின்று நன்றி சொன்னார்கள். பத்து வருடம் கழித்துத்தான் உறைத்தது. கூட வளர்ந்தவர்களுக்கெல்லாம் நரை தட்டியது, இவர்களுக்கு நகம் வளர்ந்ததோடு சரி. அவருக்கு நாற்பத்து நாலு, அவளுக்கு முப்பத்தொன்பது, மகளுக்கு இருபது என்று அப்படியே நின்றுவிட்டது. ஒருமுறை லாரி மோதியது. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது லாரிக்காரனைத்தான், பயத்தில்.

"கர்த்தர் நமக்கு ஏதோ வேலை வெச்சிருக்கார். நேரம் வரும்போது சொல்லுவார்" என்றாள் மனைவி அப்போது.

அந்த வேலை என்னவென்று சொல்ல இன்றுவரை ஒருவரும் வரவில்லை. காத்திருக்கிற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பானேன் என்று அவர் பல் செட் கட்டக் கற்றுக்கொண்டார். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அக்கம்பக்கத்தார் "நீங்க மட்டும் அப்படியே இருக்கீங்களே, என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்க ஆரம்பிக்கும்போது, மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போவார்கள். புது ஊர், புது ஆலயம், அதே ஜெபப்புத்தகம். மகள் மருந்துக்கடையில் வேலைக்குச் சேருவாள். அவளை இன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை கல்யாணம் செய்து, கணவன் கிழவனாகித் தன் மடியில் சாவதைப் பார்த்தவள் பாப்பா. அதன் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

முகம் தினமும் பார்ப்பது, அது ஏமாற்றும். பல் ஏமாற்றாது. அதனால் ஒவ்வொரு வருடமும் உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு மறுநாள், அவர் மூன்று பேர் வாயிலும் அளவு எடுப்பார். புது அச்சின் கீழ்த்தாடையைப் போன வருடத்து மேல்தாடையோடு சேர்த்துக் கடிக்க வைப்பார். டக்கென்று பொருந்தும். பொருந்தியதும் பழையதை உடைத்துப் போடுவார். முதல் இருபது வருடம் பொருந்தாமல் போகாதா என்ற ஏக்கத்தோடு எடுத்தார். பிறகு வழக்கத்துக்கு எடுத்தார். எப்போது, எந்த வருடத்திலிருந்து, பொருந்தாமல் போய்விடக் கூடாதே என்று எடுக்க ஆரம்பித்தார் என்பது அவருக்கே தெரியாது.

அன்று மனைவியின் அச்சை நான்கு தடவை வைத்துப் பார்த்தார். நகத்தின் கனத்துக்கு இடைவெளி. பிளாஸ்டர் சுருங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொன்னார். அதே மூட்டை பிளாஸ்டரில் எடுத்த தன் அச்சும் பாப்பாவின் அச்சும் டக் டக்கென்று பொருந்தின.

சாயங்காலம் வீட்டில் மனைவி ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தேநீரில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். கடிக்காமல்.

"நாளைக்கு இன்னொரு தடவை அளவு எடுக்கணும். பிளாஸ்டர் சரியில்ல."

"பிளாஸ்டர் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் அவள். "ரெண்டு மாசமா ஆடுது. நாக்கால தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டே இருக்கேன், பால்பல்லு விழப் போற பிள்ளை மாதிரி."

அவள் சிரித்தாள். வெட்கம் கலந்த சிரிப்பு. பாப்பா கையில் கோப்பையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, என்ன சொல்றே நீ?"

"கேட்டது கெடச்சிருக்குன்னு சொல்றேன்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எந்த ஊரில் இருந்தாலும், ஆலயத்தில் நடக்கும் ஒரு அடக்க ஆராதனையையும் அவள் விட்டதில்லை. செத்தவர் தெரிந்தவரோ தெரியாதவரோ, பெட்டி அருகே போய், காதோரம் குனிந்து, சற்று நேரம் இருந்துவிட்டு வருவாள். "இந்தம்மா வந்து பாக்கலைன்னா பொணம் எழுந்து உக்காந்து கோவிச்சுக்கும்" என்று பாட்டுக்குழுவில் கிண்டல் செய்வார்கள். இளகிய மனசு, அழுகிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இப்போது அதையே சொன்னார்.

"அழுகையா?" என்றாள் அவள். "சொல்லி அனுப்பறேங்க. 'அங்க போனதும் கேளுங்க, எங்க மூணு பேரை இங்க விட்டு வெச்சது ஞாபகம் இருக்கான்னு.' எழுபது வருஷமாச் சொல்லி அனுப்பறேன். யாரோ ஒரு புண்ணியவான் மறக்காமச் சொல்லியிருக்கார்."

"மூணு பேருன்னா சொன்னே?" என்றார் அவர்.

"மூணு பேருன்னுதான் சொன்னேன். போனவங்க என்ன சொன்னாங்களோ! பாதிப் பேருக்கு வாயில பல்லே இல்ல. அங்க போய் என்னத்த உளறினாங்களோ."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவரால் சிரிக்க முடியவில்லை. அவர் பட்டறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்ததும் நர்சுகள் பல் செட்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து வீட்டார் அதைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து, "தூக்கிப் போட மனசு வரல, நீங்களே வெச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். டப்பா நிறைந்து மூடி எழும்பிவிட்டது. மனைவி காதோரம் சொல்லி அனுப்பிய அத்தனை பேரின் பேச்சும் அவருடைய அலமாரியில்தான் கிடந்தது.

பாப்பா கோப்பையை மேஜையில் வைத்தாள்.

"யாராவது செத்தா, அங்க போய்ப் பாத்துக்கலாம்னு எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறாங்க. நீ போயிட்டா, அங்க வரவே முடியாத எனக்கு அத யாரும்மா சொல்றது? அப்பாவுக்கு யார் சொல்றது?"

மனைவியின் முகத்திலிருந்த சிரிப்பு நின்ற இடத்தில் நின்றது. ஊறிய ரொட்டி தேநீருக்குள் உடைந்து விழுந்தது.

"இதை நான் யோசிக்கலையே" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் ஜெபத்தின் போக்கே மாறியது. கொஞ்சம் பொறுங்கள், இன்னும் இரண்டு பேர் பாக்கி, சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினாள். பலிக்கவில்லை. நின்றிருந்த காலமெல்லாம் அவள் மேல் ஒரேயடியாக இறங்கியது. ஆறு மாதத்தில் தலை பஞ்சாயிற்று. படியேறினால் மூச்சு வாங்கியது. அடுத்த உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு அவள் ஆலயத்துக்குள் நுழைந்தபோது பாட்டுக்குழு ஒரு வரியை விட்டுவிட்டது. "அந்தம்மாவுக்கு என்ன வியாதி?" என்று போதகர் அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். என்ன சொல்வார்? "வயசுங்க ஐயா" என்றார். நாற்பத்து நாலு வயது முகத்தோடு நின்று அதைச் சொன்னவரைப் போதகர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மேல் முன்பல் நான்கும் விழுந்தன. பேசினால் பாதி காற்றாகப் போயிற்று. நூறு வருடமாக ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டியவர், மனைவிக்காக உட்கார்ந்தபோது முதல் செட்டைக் கெடுத்தார். இரண்டாவதையும் கெடுத்தார். மூன்றாவது சரியாக அமைந்தது. மாட்டிவிட்டதும் அவள் கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

"கடைசியில உங்க கடைக்கு நானும் ஒரு கிராக்கி ஆயிட்டேன்."

"வலிக்குதா?"

"இல்ல. ஒண்ணு சொல்றேன், தெளிவா வருதான்னு கேளுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு, ஞாயிறுப் பள்ளியில் ஒப்பிக்கிற பிள்ளை போல நிமிர்ந்து நின்றாள். "என் வீட்டுக்காரரும் என் மகளும் இன்னும் அங்கதான் இருக்காங்க. ரெண்டு பேரு. மறந்துட்டீங்க." திரும்பிப் பார்த்தாள். "வந்துச்சா?"

"வந்துச்சு."

"இனிமே யாரையும் நம்ப வேண்டாம். நானே நேர்ல சொல்லிடறேன்."

தினமும் காலையில் செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு, அதை ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டு சட்டைக்குப் பொத்தான் போடுவார். நான்கு பொத்தான் போட அத்தனை நேரமாகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் அவள் போனாள். அவர் மருந்துச்சீட்டோடு கீழே போயிருந்தார். திரும்பி வருவதற்குள் முகத்தை மூடியிருந்தார்கள். அவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எத்தனையோ சாவைப் பார்த்தவர்தான், ஆனால் தன் வீட்டில் சாவு என்பது இருக்க முடியும் என்பதே அவருக்குப் புரியவில்லை. யாரோ உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார், எழுந்திருக்கச் சொன்னால் எழுந்தார். மறுநாள் ஆலயத்தில் முதல் வரிசையில், பாப்பாவின் பக்கத்தில், கற்சிலை போல இருந்தார்.

போதகர் மறுமையில் சந்திப்பதைப் பற்றிப் பேசினார். பாப்பா தலையைத் தூக்கவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. பெட்டியைப் பலகைமேல் இறக்கி வைத்து, "கடைசியாப் பாக்கிறவங்க பாத்துக்குங்க" என்றார்கள். அவர் போய்க் குனிந்தார். மனைவி மற்றவர்களுக்குச் செய்தது போலக் காதோரம் ஒரு வார்த்தை சொல்லத்தான் குனிந்தார். அப்போதுதான் பார்த்தார். மேலுதடு உள்ளே விழுந்து கிடந்தது. வாயில் செட் இல்லை.

"மூடாதீங்க" என்றார். சத்தம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. மூடியைத் தூக்கியிருந்த இருவரும் அப்படியே நின்றார்கள். "பாப்பா, ஆஸ்பத்திரியில ஒரு கவர் குடுத்தாங்களே, எங்க?"

"வீட்டுல... கண்ணாடி, மோதிரம்..."

"அதுலதான் பல்லு இருக்கும். ஓடு."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "பாவம், மனுஷனுக்கு மூளை பிசகிடுச்சு" என்று யாரோ சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. போதகர் அருகில் வந்து தோளைத் தொட்டார்.

"கவலப்படாதீங்க. உயிர்த்தெழும்போது ஒரு குறையும் இருக்காது. எல்லாம் புதுசா இருக்கும்."

"அது கடைசி நாள்லங்க ஐயா" என்றார் பல்செட்காரர். "இவ இன்னிக்கே பேசணும்."

போதகரின் கை தோளிலிருந்து தானாக இறங்கியது. எல்லோரும் வெயிலில் நின்றார்கள். குழி வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டார்.

பாப்பா தலைமுடி கலைந்து, ஒரு காலில் செருப்பில்லாமல், கவரைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி வந்தாள். அவர் செட்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார், கைக்குட்டையால் துடைத்தார். இறுகிப்போன தாடை எளிதில் திறக்கவில்லை. பயந்து வாயை மூடிக்கொள்ளும் நோயாளிகளிடம் செய்வது போலக் கன்னத்தின் மூலையில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினார். திறந்தது. செட்டை உள்ளே ஏற்றி, இரண்டு விரலால் ஒரு தள்ளு. டக்கென்று பொருந்தியது. உதடு எழும்பியது. இறந்துபோன ஒரு கிழவியின் முகம் போய், அங்கே அவருடைய மனைவி இருந்தாள்.

அவர் காதோரம் குனிந்தார்.

"ரெண்டு பேரையும் ஒரே நாள்லன்னு சொல்லு" என்றார். "ஒருத்தரை முன்ன, ஒருத்தரைப் பின்னன்னா வேண்டாம். அப்படியே விட்டுடச் சொல்லு."

மூடி இறங்கியது. ஆணி அடிக்கும் சத்தம் நின்றது. மண் விழுந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அளவு எடுக்க உட்கார வைத்த ஆள் போல அவர் வாய் பிளந்தபடி இருந்தது. உள்ளே முப்பத்திரண்டு பல்லும் வெயிலில் வெள்ளை வெளேரென்று தெரிந்தன.

பாப்பா பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா" என்றாள். "வாயை மூடுங்கப்பா."