மாலைக்கு இடம்

திருவண்ணாமலை தேரடித் தெருவில், போட்டோவைப் பார்த்துப் பென்சிலில் படம் வரைந்து கொடுப்பவர் அவர். நிழலைத் தேய்த்துத் தேய்த்துச் சுண்டுவிரல் மட்டும் கறுத்திருக்கும். அம்மாவின் போட்டோவோடு ஒரு பட்டியலும் கொடுத்தேன்: அளவு, மூக்குத்தி, மோவாய் மச்சம்.

"அம்மா இருக்காங்களா?" என்றார். அது பட்டியலில் இல்லை.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்லாதவங்கன்னா மாலைக்கு எடம் உட்டு, முகத்தைச் சின்னதா போடுவேன்மா."

"இருக்காங்க" என்றேன்.

காரியத்தன்று நான் வைத்த குங்குமம் போட்டோவின் நெற்றியில் இன்னும் ஒட்டியிருந்தது. அதைக் கறுத்த விரலால் மெதுவாகத் துடைத்தார்.

"அப்போ பெருசாவே போட்டுடறேன்."

முதல் திதியன்று அவர் வரைந்த படத்துக்கு மாலை சாத்தியதும் மச்சம் மறைந்துபோனது. அப்பா மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார். குங்குமத்தைப் பார்த்தும் என் பொய்யின்படியே வரைந்தவரை நினைத்துக்கொண்டேன்.