உட்கார்ந்த கசங்கல்

ஊரடங்கு போட்டதும் தேய்க்க வருவதில் முதலில் நின்றது பள்ளிக்கூடச் சீருடை. அடுத்தது பேன்ட். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு, கேமராவில் தெரிகிற பாதிக்கு மட்டும் மரியாதை இருந்தால் போதும் என்று எல்லோரும் முடிவுகட்டி, வெறும் சட்டைகளாக அனுப்பினார்கள். பிறகு சட்டையும் குறைந்தது. நாற்பது வீடுள்ள அந்தக் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் பத்தொன்பது வருடமாகத் துணி தேய்க்கிற அக்காவுக்கு, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. துணியே சொல்லிவிடும்.

உட்கார்ந்து வேலை பார்த்த சட்டை முழங்கை உள்பக்கம் கசங்கியிருக்கும். படுத்துக் கிடந்த சட்டை ஒரு விலாப் பக்கமாகக் கசங்கி, காலரில் ஒரு பாதி நசுங்கியிருக்கும். "என்ன சார், ஆபீஸ்ல நல்ல தூக்கம் போலிருக்கே?" என்று அக்கா வாயாடிய காலமெல்லாம் உண்டு. இப்போது வாயாட ஆளும் இல்லை, ஆசையும் இல்லை.

வீட்டில் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பள்ளி எப்போது திறக்கும் என்று அரசாங்கம் தேதி சொல்வதும் தள்ளிப்போடுவதுமாக இருந்ததில், வேன் நின்ற இடத்தில் புல் முளைத்துவிட்டது. அக்கா முதல் மாதம் அழுதாள். இரண்டாம் மாதம் அவரோடு சண்டை போட்டாள். அதற்கப்புறம் எல்லாம் மரத்துப்போய்விட்டது. யார் என்ன சொன்னாலும் "சரி" என்றாள்.

குடியிருப்பின் செக்ரட்டரி வந்து, முகக்கவசத்தை ஒருதரம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னபோதும் அப்படித்தான்.

"தப்பா நெனைக்காதீங்க. கடைக்குப் போக முடியாம எல்லாரும் பார்சல்லயே வாங்குறாங்க. கீழ பெட்டி பெட்டியா குவியுது. இந்த எடத்துல ஒரு ரேக் போடலாம்னு பேச்சு. நீங்களும் ஈ ஓட்டிக்கிட்டுதானே இருக்கீங்க?"

"மூணாம் மாடியில தெனமும் சட்டை குடுக்கறாங்க சார்."

"ஒரு வீடா?" செக்ரட்டரி யோசித்தார். "சரி, அவங்க குடுக்கற வரைக்கும் இருங்க. நின்னுதுன்னா காலி பண்ணிடணும்."

"சரி."

ஆக, அந்த மேசையும் மின்சார பிளக்கும் ஒரு நீலச் சட்டையை நம்பி இருந்தன.

மூன்றாம் மாடிக்காரர் டிராவல்ஸில் மேனேஜர். காலையில் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பாராம். ரத்தான டிக்கெட்டுக்கெல்லாம் பணம் திருப்புகிற வேலை, ஒழிச்சலே இல்லை என்று சட்டை கொண்டுவருகிற அவர் மனைவி சொல்வாள். அக்கா தலையாட்டுவாள். சட்டை இரண்டு மாதமாக விலாப் பக்கம்தான் கசங்கி வருகிறது. அவருக்கு வேலை போய்விட்டது என்று முதல் வாரமே அக்காவுக்குத் தெரியும்.

ஒருநாள் மனைவி சட்டையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அக்கா, சட்டையப் பாத்தே சொல்லிடுவீங்களாமே. இது உக்காந்து வேலை பாத்த சட்டைதானா?"

"ஏம்மா?"

"கதவுல காது வச்சுக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்ல. வேலை இருக்கா இல்லயான்னு கேட்டா கத்துவாரு. நீங்க சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சா, அம்மா வீட்டுக்காவது போய்க் கெடப்போம். எதுக்கு இந்த வாடகை, எதுக்கு இந்த இஸ்திரி?"

அக்கா சட்டையை விரித்தாள். அவள் கேட்டது நியாயம். உண்மையைச் சொன்னால் நாளை சட்டை வராது, நாளன்றைக்கு ரேக் வரும். அவ்வளவுதான் கணக்கு. நெஞ்சு படபடக்கும் என்று பார்த்தாள். படபடக்கவில்லை.

"உக்காந்த கசங்கல்தாம்மா. முழங்கையில மடிப்பு விழுந்திருக்கு பாரு."

விழுந்திருக்கவில்லை. ஆனால் பார்க்கத் தெரியாதவள் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒரு பைத்தியம். அவருகிட்ட மன்னிப்பு கேக்கணும்" என்று வேகமாகப் படியேறினாள். பெண் பாவம் பொல்லாதது என்று அக்காவே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அன்று இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டாள்.

மறுநாள் மூன்றாம் மாடிக்காரரே சட்டையோடு இறங்கி வந்தார். இரண்டு மாதத்துத் தாடி. மேசைமேல் வைத்தார்.

"நேத்து எங்க வீட்ல... நீங்க சொன்னதைச் சொன்னா" என்றார். அக்கா முகத்தைப் பார்க்காமலே மேலே போய்விட்டார்.

அக்கா சட்டையை விரித்தாள். இரண்டு முழங்கையிலும் மடிப்பு. இரண்டிலும் மூன்று மூன்று கோடு, ஒரே இடத்தில், ஒரே நீளத்தில். உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு அப்படி விழாது. விரலால் மடித்து, நகத்தால் அழுத்தி விட்டிருந்தார். காலர் மட்டும் பழையபடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. காலரைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அக்கா தண்ணீர் தெளித்து, காலரிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.