அணிக்காக நேர்ந்த பால்குடம்

பயம் என்னோடு கூடப் பிறந்தது. வானம் கறுத்தால் பயம், கப்பல் பிந்தினால் பயம், வீட்டில் யாராவது இரண்டு முறை தும்மினால் பயம். ஆனால் எங்கள் பந்தாட்ட அணி தோற்றுவிடும் என்று மட்டும் நான் ஒருநாளும் பயந்ததில்லை. எங்கள் பையன்களை ஜெயிக்கப் பினாங்கில் இன்னும் ஓர் அணி பிறக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். தோற்ற நாட்களிலும் அதே எண்ணம்தான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் கிழிந்த சாக்குகளைத் தைப்பது என் வேலை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கோணி ஊசியாவது கிடைத்ததே என்றிருந்தேன். அணியும் அந்தக் கிட்டங்கியுடையதுதான். மூட்டை தூக்குகிறவர்களும், கப்பலிலிருந்து தொங்கான் படகில் சரக்கைக் கரைக்குக் கொண்டுவருகிறவர்களும் ஆட்டக்காரர்கள். மீதிப் பேர் கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறவர்கள். பந்தும் சட்டையும் முதலாளி கொடுப்பார். ஆட்ட நாளில் மதியத்தோடு கதவைச் சாத்தி எங்களைத் திடலுக்கு அனுப்பிவிடுவார்.

அந்த முதலாளிக்கு வயதாகி, ஊரோடு போய்விட முடிவு செய்தார். கிட்டங்கியை நாகூர்க்காரர்களான அண்ணன் தம்பி இருவருக்கு விற்றார். துணி வியாபாரத்தில் நன்றாக வந்தவர்கள். தராசு, கைவண்டி, பழைய சாக்கு எல்லாவற்றோடும் சேர்ந்து எங்கள் அணியும் அவர்கள் கைக்குப் போனது.

தேத்தண்ணிக் கடையில் அதன் பிறகு வேறு பேச்சே இல்லை. எங்கள் கோல்கீப்பர் ஒரு கத்தோலிக்கப் பையன். எதையும் சிரித்துக்கொண்டே பார்க்கிறவன்.

“துணிக்கடைக்காரங்கண்ணே. ஆளுக்கு ரெண்டு சட்டை தச்சுக் குடுப்பாங்க, பாருங்க.”

“குடுப்பாங்களோ, இருக்கிறதையும் கழட்டி வாங்கிக்குவாங்களோ,” என்றேன்.

“அண்ணே, உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?”

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. தம்பி முதலாளி பந்தைக் கண்டால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் ஓர் உதை உதைப்பவர். அவரால் கெடுதல் வராது. அண்ணன் முதலாளி அப்படி இல்லை. முதல் நாளே மூலையில் கிடந்த பந்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “காத்தடைச்ச இந்தத் தோலுக்கா ஒரு மதிய வேலைய வீணாக்குறீங்க?” என்று கேட்டார். முடிவு செய்கிறவரும் அவர்தான். தம்பியார் அவரை அவர்கள் ஊர் வழக்கப்படி நானா என்றுதான் கூப்பிடுவார், எதிரில் உட்காரக்கூட மாட்டார்.

அன்று மாலையே நான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். புது முதலாளிகள் அணியைக் கலைக்காமல் வைத்துக்கொண்டால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு, ஒரு மண்டல விரதத்தையும் தொடங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சில நாள் கழித்துத்தான் தெரிந்தது, கிட்டங்கியில் பாதிப் பேர் யாரிடமும் சொல்லாமல் அதே நேர்த்தியைச் செய்திருந்தார்கள். எங்கள் சென்டர் ஃபார்வர்டு ஒருபடி மேலே போய்க் காவடிக்கே நேர்ந்திருந்தார். அணியில் ஆறு பேர் கறி மீன் தொடாமல் ஒருவேளைச் சோற்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் தம்பி முதலாளி ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“நோன்பு பொறக்குறதுக்கு முன்னாடி உங்க எல்லாருக்கும் ஒரு விருந்து. நெய்ச்சோறு, ஆட்டுக்கறி. எங்க ஊரு வழக்கப்படி சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டு, சுத்தி நாலு பேரு, ஒண்ணா சாப்பிடணும். நானாவும் வர்றாரு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நானா என்ன சொல்றாருன்னா, ‘கூப்பிட்டுப் பாரு, விரதம் அது இதுன்னு எதையாச்சும் சொல்லி நழுவிடுவானுங்க. நம்ம சஹன்ல கை வைக்காதவனுங்களுக்கு நாம எதுக்குப் பந்து வாங்கணும்’ங்கிறாரு. நீங்க வந்து நல்லா சாப்பிடுங்க. அது போதும், அணிய நான் பாத்துக்கிறேன்.”

வருகிறோம் என்று எல்லோரும் தலையாட்டினோம். வேறென்ன செய்வது? உண்மையைச் சொன்னால் அது அவர் அண்ணன் முன்கூட்டியே சொல்லிவைத்த சாக்காக அல்லவா இருக்கும்! அணி பிழைக்க வேண்டும் என்று இருந்த விரதமே அணியைக் கவிழ்க்கப் போகிறது. மலைமேல் ஒருவர், கிட்டங்கியில் ஒருவர், இருவரையும் பகைத்துக்கொள்ள முடியாது.

கோல்கீப்பர்தான் வழி சொன்னான். “ஒவ்வொரு சஹன்லயும் விரதம் இல்லாதவன் ஒருத்தன் உக்காரட்டும். மத்தவங்க சும்மா கைய ஆட்டுங்க. நாலு பேரு கறியையும் அவன் பாத்துக்குவான். உங்க சஹன்ல நான் இருக்கேன்ணே. நீங்க கவலைப்படாதீங்க.”

“வாந்தி எடுத்துட்டா?”

“கோலுக்கு வர்ற பந்தையே விடமாட்டேன். கறிய விடுவேனா?”

விருந்து அன்று கிட்டங்கி நடுவில் பாய் விரித்திருந்தது. வட்டத் தட்டுகளில் நெய்ச்சோறு குவிந்திருக்க, அதன் உச்சியில் கறி. விரதக்காரன் மூக்குக்கு அது பெரிய சோதனை. நானும் சென்டர் ஃபார்வர்டும் கோல்கீப்பரும் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். நாலாவது இடம் காலி. அதில் யார் உட்காருவார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் முதலாளி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“பிஸ்மில்லா சொல்லி ஆரம்பிப்போம். சாப்பிடுங்க, தம்பி.”

கோல்கீப்பர் வேலையைத் தொடங்கினான். நாங்கள் இருவரும் தட்டின் ஓரத்துக்கு மேலே விரலை விரலை ஆட்டினோம். பத்துப் பிடி சோறு அவன் வாய்க்குப் போயிருக்கும். அப்போது பெரியவரான அண்ணன் முதலாளி, சஹனில் இருந்ததிலேயே நல்ல துண்டாக, கொழுப்பும் எலும்புமாக ஒன்றைப் பிய்த்து, சென்டர் ஃபார்வர்டின் பக்கமாகத் தள்ளி வைத்தார். விருந்தாளிக்கு நல்ல துண்டைத் தன் கையால் தள்ளி வைப்பது அவர்கள் மரியாதை. இன்னொன்றை எடுத்து என் பக்கம் வைத்தார். வைத்துவிட்டு நாங்கள் எடுப்பதற்காகக் காத்திருந்தார்.

கோல்கீப்பரின் கை என் துண்டை நோக்கி மெல்ல வந்தது. பெரியவர் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

சென்டர் ஃபார்வர்டு கையை மடியில் வைத்துக்கொண்டார். பெனால்டி அடிக்கப் போகும்போது இருக்கிற அதே முகம். “மொதலாளி, மன்னிக்கணும். நான் விரதம். தண்ணீர்மலைக்குக் காவடி.”

பெரியவர் என்னைப் பார்த்தார். “நீ?”

“பால்குடம்,” என்றேன்.

“வேற யாரெல்லாம்?”

கிட்டங்கி முழுக்கக் கைகள் எழுந்தன. அவர் தம்பியார் தாளிச்சாக் குழம்பு வாளியோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

“ஒரே சமயத்துல இத்தனை பேருக்கா விரதம்?” பெரியவரின் குரல் கடுத்தது. “நான் சொன்னேன்ல, இவனுங்க நழுவுவானுங்கன்னு!”

“நழுவலை மொதலாளி.” சென்டர் ஃபார்வர்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “உங்களுக்காகத்தான் நேந்துகிட்டோம்.”

“எனக்காகவா? எனக்கு என்ன கேடு?”

“உங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்க அணியக் கலைச்சிடக் கூடாதுன்னு.”

பெரியவர் அந்தக் கைகளையெல்லாம் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தார்.

“அட அல்லாவே! என் மேல முருகன்கிட்ட மனுப் போட்டிருக்கீங்களா? இத்தனை பேரா?”

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பெரியவர் கோல்கீப்பர் பக்கம் திரும்பினார்.

“நீ எத்தனை பேருக்குச் சாப்பிட்டே?”

“மூணு பேருக்கு மொதலாளி. இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு.”

அதற்குப் பிறகு அவராலும் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்து, சோறு புரையேறி, தம்பியார் ஓடிவந்து தலையைத் தட்ட வேண்டியதாயிற்று. மூச்சு வந்ததும் ஆளனுப்பிப் பாசார் சந்தையிலிருந்து வாழைத்தாரும் தேங்காயும் கொண்டுவரச் சொன்னார். அது வந்து சேரும் வரை தானும் கை வைக்கவில்லை, யாரையும் வைக்க விடவில்லை. நெய்ச்சோறு ஆறியது. கோல்கீப்பர் மட்டும் வருத்தப்பட்டான்.

எனக்கு உயிர் வந்தது அப்போதல்ல. விரதத்தை அவர் மதித்தார், சரி. ஆனால் மதிக்கிறவர்கூட மறுநாள் அணியைக் கலைத்துவிடலாமே? நான் பழத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் சென்டர் ஃபார்வர்டை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த ஆட்டம் எப்போ?”

“நோன்பு மாசத்துல மொதலாளி. தைப்பூசத்துக்கு முன்னாடி.”

“அப்போ இந்தப் பழத்தத் தின்னுட்டுத்தான் ஓடப்போறியா? நோன்பு வெச்சுக்கிட்டுக் கடைத்தெருவுக்கு நடந்தாலே எனக்குத் தலை சுத்தும். நீ எப்படி ஓடுவே? ஏம்பா, தேன் குடிக்கலாம்ல? பால்? காலையில கேப்பைக் கூழு?” தம்பியார் பக்கம் திரும்பினார். “ஆறு பேரு இப்படி இருந்தா எப்படி ஜெயிக்கிறது? நீ இதையெல்லாம் யோசிச்சியா?”

தம்பியார் யோசிக்கவில்லை. பெரியவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த நெற்றிச் சுருக்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்ப்பது. கலைக்கப் போகிற அணியின் காலை உணவைப் பற்றி எவரும் இவ்வளவு கவலைப்பட மாட்டார். நான் பழத்தைச் சாப்பிட்டேன். நன்றாக இனித்தது.

ஆட்டத்தன்று கிட்டங்கி மதியத்தோடு மூடியது. டத்தோ கிராமாட் ரோட்டுப் பக்கத்துத் திடலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரியவர் எங்களுக்கு முன்னால் வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நின்றிருந்தார். நோன்பில் உதடு காய்ந்திருந்தது. எங்கள் பையன்கள் புதுப் பச்சைச் சட்டையில் இறங்கினார்கள். கடையில் பச்சைத்துணி தேங்கிக் கிடந்ததாம்.

“அந்தத் தடியனப் பாரு தம்பி, எருமை மாதிரி நிக்கிறான். நம்ம பயல மிதிச்சிடுவானோ?” என்று பெரியவர் என்னிடம் கேட்டார்.

“ஒண்ணும் ஆகாது மொதலாளி. அவன் திரும்புறதுக்குள்ள நம்மாளு கோல் பக்கம் போயிருப்பாரு,” என்றேன். பிறருக்குத் தைரியம் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் வார்த்தை தடுமாறாமல் வந்தது.

அன்று ஒரு கோலில் தோற்றோம். பெரியவர் நடுவரைத் திட்டினார். காற்றைத் திட்டினார். இடதுபக்கம் ஆடியவனை, அவனைச் சேர்த்த தம்பியாரை, ஒண்ணும் ஆகாது என்று சொன்ன என்னை, எல்லோரையும் திட்டிக்கொண்டே ரோட்டோரம் நடந்தார். நாளைக் காலையிலிருந்து பயிற்சிக்கு எல்லோரும் வந்தாக வேண்டும் என்றார். எங்களில் ஒருவருக்கும் முகம் வாடவில்லை. அவர் திட்டுவதைக் கேட்பதற்காகவே கூட்டமாகப் பின்னால் நடந்தோம்.

வழியில் அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பெரியவர் நின்று, மடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டு, தம்பியார் நீட்டிய தண்ணீரைக் குடித்தார். தொண்டை நனைந்ததும், அந்த இடதுபக்கம் ஆடியவனிலிருந்து மறுபடி தொடங்கினார்.