தாம்போதிக்கு முன்னால் கிடந்த கொப்புகள்

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதியில், மாரி மழை ஓய்ந்த ஒரு தை மாதத்தில், கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் கரையோரப் பாதையில் இது நடந்தது. எனக்கு அப்போது முப்பது வயது நிறையவில்லை. மருதமுனையில் குழித்தறியில், ஆண்கள் இடுப்பில் கட்டும் சாறன் நெய்துகொண்டிருந்தேன். அதுவரை அக்கரைப்பற்றைத் தாண்டித் தெற்கே போனதில்லை.

போகும் ஆசை ஒரு கடதாசியால் வந்தது. கொழும்பிலிருந்து வந்த நூல் கட்டொன்றை ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகையின் தாள்களால் சுற்றியிருந்தார்கள். அதிலே ஒரு படம். இரண்டு பக்கமும் மரங்கள் நிற்கும் பாதையில் இரண்டு பேர் சைக்கிளில் போகிறார்கள். தூரத்தில் கல்லால் கட்டிய பழைய கோட்டை. பாதையில் வேறு வாகனமே இல்லை. இங்கிலீசு தெரிந்த ஒருவர் வாசித்துச் சொன்னார்: அது பிரான்சு தேசமாம். அங்கே அலுவல் எதுவும் இல்லாமல், பழைய இடங்களைப் பார்க்கவென்றே நாட்கணக்காகச் சைக்கிளில் போவார்களாம். காலை முதல் மாலை வரை குழிக்குள் காலை விட்டு மிதிபலகை மிதிக்கிற எனக்கு, மிதித்தால் இடம் மாறும் என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

படத்தை மச்சானிடம் காட்டினேன். அவர் என் மனைவியின் தமையன். பக்கத்துத் தறி அவருடையது. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். அவரோ எனக்கும் சேர்த்துக் கதைப்பவர். பொத்துவில் கடற்கரை மணலுக்குள் ராசா காலத்துக் கல்தூண்கள் நிற்கின்றனவாம், நாமும் போய்ப் பார்ப்போம் என்றார். என்னிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. அவர் கூட்டாளி ஒருவரிடம் இரவல் வாங்கினார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். அதனால் நான் இருந்ததும் மாமியின் வீட்டில். பொத்துவிலில் என்ன அலுவல் என்று மாமி தன் மகனிடம் கேட்டார். கல்லுப் பார்க்க என்று அவர் சொன்னதும், கல்லு இங்கே இல்லையா என்று கேட்டுவிட்டு, என்னோடு நேரே கதைக்காத மாமி கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார்:

"மருமகன், எனக்கு ஒரேயொரு ஆம்புளப் புள்ள. அவன் விளையாட்டுக்காரன். நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க, நீங்கதான் கொண்டுவந்து தரோணும்."

ஓம் என்று தலையை ஆட்டினேன். கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று மச்சான் சிரித்தார்.

விடியற்காலை சுபஹு தொழுத கையோடு வெளிக்கிட்டோம். வழியில் கண்டவர்கள் எல்லாருக்கும் எங்கள் பயணம் விளங்கவில்லை. மருதமுனை ஆள் சைக்கிளில் தூரம் போனால் சாறன் விற்கத்தான் போவான். நிந்தவூர்த் தேத்தண்ணிக் கடையில் ஒருவர், சைக்கிளில் இருந்த எங்கள் துணி மூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொன்னார். சாறனுக்கு இன்றைக்கு லீவு என்று மச்சான் சொன்னதை அவர் நம்பவில்லை. விலையைக் கூட்டத்தான் ஒளிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

அக்கரைப்பற்றைத் தாண்டியபிறகு கேட்கவும் ஆளில்லை. காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். இடையில் பாதை முழுவதும் எங்களுக்குத்தான். ஒரு பக்கம் கதிர் தலைசாயத் தொடங்கிய வெள்ளாமை, மற்றப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத கடலின் இரைச்சல். எங்கள் சக்கரங்களின் சத்தத்தைக்கூட அன்றுதான் ஒழுங்காகக் கேட்டேன். பள்ளிவாசலைக் கடக்கும்போது இறங்குவதுபோலவே திருக்கோவிலில் கோயிலைக் கடக்கும்போதும் இறங்கி உருட்டிக்கொண்டு போனோம். அதற்கு அப்பால் பற்றைக்குள் எழுத்து வெட்டிய கல்லொன்று சாய்ந்து கிடந்தது. எந்தக் காலத்து எழுத்தோ. மச்சான் விரலால் தடவித் தடவி வாசித்தார்: "மருதமுனை மச்சான்மார் இதால போனாங்க, சாறன் ஒண்டும் விக்கல்ல." நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோசமாக அதற்கு முன் இருந்ததாக நினைவில்லை.

காடு தொடங்கும் இடத்தில் ஒரு மரத்தடியில் முறித்த கொப்புகள் குவிந்து கிடந்தன. விறகு வண்டியோடு வந்த ஒரு சைவத் தமிழ் மனிதர் விளக்கம் சொன்னார். காட்டுக்குள் போகிறவர்கள் யானையாலும் பாம்பாலும் இடைஞ்சல் வராமலிருக்கத் தங்கள் தெய்வத்தை நினைத்து ஒரு கொப்பு முறித்துப் போடுவார்களாம். அவரும் ஒன்று முறித்துப் போட்டார். நாங்கள் அதை மிதிக்காமல் ஒதுங்கிப் போனோம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்னும் நாலைந்து மைல் போனதும் ஒரு தாம்போதி வந்தது. ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டிய கல்பாதை. மழைக்காலத்தில் தண்ணீர் அதற்கு மேலாலே ஓடும். அன்றும் முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. மண் கலந்த தண்ணீர், அடி தெரியவில்லை. தாம்போதிக்கு முன்னால், பாதைக்குக் குறுக்கே, பச்சைக் கொப்புகள் கிடந்தன.

"இதுவும் அவங்கட சாமிக்குப் போட்டதுதான். மிதிச்சிராதீங்க," என்றார் மச்சான். சைக்கிள்களைத் தூக்கி, மிகவும் மரியாதையாக, கொப்புகளைச் சுற்றிக்கொண்டு போனோம்.

அந்த நேரம் நான் ஒன்றைக் கண்டேன். அக்கரையில் ஒரு குடிசை. அதன் முன்னால் ஒரு பெண் தனியாக நின்று கையை உயர்த்திக் கொண்டிருந்தாள். ஏதோ சொன்னாள். தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை. அறியாத ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கைகாட்டுகிறாள் என்றதும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். மச்சானுக்குச் சொன்னால் அவர் பகிடி பண்ணுவார் என்று அவருக்கும் சொல்லவில்லை. அவர் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி முன்னால் இறங்கிவிட்டார்.

பாதி தூரத்தில் அவரைக் காணவில்லை. ஒரு சத்தமும் இல்லை. இருந்தார், பிறகு இல்லை.

தாம்போதியின் நடுப்பகுதி வெள்ளத்தில் உடைந்து போயிருந்தது. என் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். அவருடைய தலை மேலே வந்தது. கடற்கரையில் பிறந்தவர், நீந்தத் தெரியும். ஆனால் ஒரு கால் சைக்கிளுக்கும் உடைந்த கல்லுக்கும் நடுவில் இறுகிக் கிடந்தது. உடைப்பின் ஓரத்தில் குப்புறக் கிடந்து அவருடைய கமுக்கட்டைப் பிடித்தேன். தண்ணீர் அவரை என்னிடமிருந்து பறித்துக்கொண்டே இருந்தது. என்னையும் மெல்ல மெல்ல இழுத்தது. கதவுக்குப் பின்னால் நின்று மாமி சொன்னதுதான் காதுக்குள் கேட்டது.

"காக்கா, தண்ணியப் பாக்காதீங்க. என்னப் பாருங்க."

முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் அழைக்கும் 'காக்கா'வைச் சொல்லிக் கூப்பிட்டபடி, அந்தப் பெண் உடைப்புக்கு அந்தப் பக்கம், முழங்கால் தண்ணீரில் நின்றாள். கையில் கிணற்றுக் கயிறு. மறு தலைப்பைத் தாம்போதியின் கரைக் கல்லொன்றில் கட்டியிருந்தாள்.

"என்னப் பாத்து நான் செல்றதச் செய்ங்க. கயித்த எறியிறன், அவர்ர நெஞ்சோட சுத்திக் கட்டுங்க. கட்டிட்டு நீங்க முங்கிக் காலை எடுத்து விடுங்க. நான் புடிச்சிக்குவன்."

பார்த்தேன். மெலிந்த முகம், நெற்றியில் அழிந்த திருநீறு, ஒரு பல் முன்னால் வளைந்திருந்தது. என் மனைவியின் வயதுதான் இருக்கும். கயிறு இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் கைக்கு வந்தது. கட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினேன். முதல் தரம் சைக்கிள் அசையவில்லை. இரண்டாம் தரம் சட்டத்தைத் திருகினேன், கால் விடுபட்டது. நான் மேலே வந்தபோது அவள் மல்லாந்து விழுந்தபடி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். மச்சான் அக்கரைக் கல்லில் கிடந்து இருமினார். பிறகு எனக்கும் கயிறு வந்தது.

குடிசையில் மச்சானின் காலைப் பார்த்தோம். கணுக்காலுக்கு மேல் ஆழமான வெட்டு. அவள் கோப்பித் தூளை அள்ளி வைத்து அழுத்தி, தன் சீலையில் ஒரு கரையைக் கிழித்துக் கட்டினாள். இரத்தம் நின்றது. அவளுடைய புருசன் ரோட்டு வேலைக்காரனாம். தாம்போதி உடைந்ததை அறிவிக்க விடியவே கோமாரிப் பக்கம் போய்விட்டான். வருகிறவர்கள் இறங்காமலிருக்க, நீந்திக் கடந்து எங்கள் பக்கத்தில் கொப்புகளைப் போட்டுவிட்டு, மனைவியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். அப்போதுதான் அந்தக் கொப்புகள் சாமிக்கு அல்ல, எங்களுக்குப் போட்டவை என்று விளங்கியது.

எங்களுக்கு வத்தாளங்கிழங்கு அவித்துத் தந்தாள். "சட்டி புதுசு. இன்னும் ஒண்டும் ஆக்கல்ல. யோசிக்காமத் தின்னுங்க," என்றாள். எங்களுக்கு ஆகாத இறைச்சி ஏதும் ஆக்கிய சட்டியோ என்று நாங்கள் கேட்கத் தயங்கியதை அவளே அறிந்திருந்தாள். நாங்கள் தின்னத் தொடங்கிய பிறகுதான், கோபமில்லாமல், என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"காக்கா, நான் கைகாட்டினது உங்களுக்குத் தெரியல்லியா?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"கண்டன்," என்றேன்.

"கண்டீங்களா? அப்ப ஏன் நிக்கல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிழங்கு கையில் இருந்தது. மச்சான் தன் காலில் கிடந்த கட்டைப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்:

"தங்கச்சி, இந்த மனிசன் என்ட தங்கச்சியக் கலியாணம் முடிச்சு ஆறு மாசத்துக்குப் பொறகுதான் அவட முகத்த நேர பாத்தவர். நீங்க கைகாட்டினா எங்க நிப்பாரு? இன்னும் வெரசாத்தான் போவாரு."

அவள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மச்சானும் சிரித்தார், சிரித்து இருமினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் தன் பங்குக் கிழங்கில் பாதியை முறித்து என் கையில் வைத்தார்.

பின்னேரம் புருசன் ஆட்களோடு வந்தான். கொப்பு மட்டும் போட்டது தன் பிழை, கயிறும் கட்டியிருக்க வேண்டும் என்று எங்களிடம் மன்னிப்புக் கேட்டான். கேட்க வேண்டியவர்கள் நாங்கள். உடைப்பில் பலகை போட்டு மச்சானை இக்கரைக்குத் தூக்கி வந்து, சைக்கிள்களையும் எடுத்து, ஒரு வண்டியில் திருக்கோவிலுக்கு அனுப்பிவைத்தார்கள். மறுநாள் பஸ்ஸில் வீடு வந்தோம். கல்தூண்களைப் பார்க்கவில்லை.

மாமியிடம் நடந்ததை மச்சான் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். கண்டதையும் கண்ணைத் தாழ்த்தியதையும் சேர்த்தே சொன்னேன். ஏசுவார் என்று இருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பொம்புளட பேரென்ன, மருமகன்? அவவுக்காக அல்லாட்ட துஆக் கேக்கோணும்."

எனக்குத் தெரியாது. எங்கள் இரண்டு உயிரையும் கயிற்றில் கட்டி இழுத்தவள், தன் சீலையைக் கிழித்தவள், புதுச்சட்டியில் கிழங்கு அவித்தவள். அவளுடைய பேரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எல்லாரோடும் கதைக்கிற மச்சானும் கேட்கவில்லை.

மச்சானின் கால் ஆறிய பிறகு மறுபடியும் அந்தப் பாதையில் போனோம். தாம்போதியைத் திருத்தியிருந்தார்கள். குடிசை இருந்த இடத்தில் அடுப்புக் கல் மூன்று மட்டும் கிடந்தன. ரோட்டு வேலைக்காரர்கள் வேலை இருக்கிற இடத்துக்குப் போய்விடுவார்கள் என்று வழியில் ஒருவர் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

கூச்சம் என்பது யாருக்கும் தீங்கு செய்யாத குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இன்றும் எனக்குக் கூச்சம் போகவில்லை. ஆனாலும் பாதையில் யாராவது கையை உயர்த்தினால், ஆணோ பெண்ணோ, யாராக இருந்தாலும், சைக்கிளை விட்டு இறங்கி, முகத்தைப் பார்த்து, பேரையும் கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.