தவக்காலத்தில் மீன் எண்ணெய் வாங்கப் போனது

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் மின்ரயிலில் மூன்றாவது நிறுத்தம். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில் ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை, நான் போனதிலேயே நீளமான பயணம் அதுதான்.

ரோஸி அக்காவின் கணவர் நிமோனியா முற்றி, தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவியோடு மயங்கிக் கிடந்தார். மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். டாக்டர் அக்காவிடம் சொன்னார்: "இப்போ கஞ்சியில சூரியகாந்தி எண்ணெய் போகுதும்மா. அந்த வகைக் கொழுப்பு நுரையீரல் வீக்கத்தைத் தூண்டலாம், மீன் எண்ணெய் அடக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு. நிச்சயம் இல்ல. மாத்திப் பார்க்கலாமா?"

அக்கா அசையவில்லை. ஈஸ்டர் வரை மீனும் கறியும் தொடமாட்டேன் என்று அத்தான் ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"நினைவில்லாம கிடக்கறவர் வாக்கை நான் எப்படிடா உடைக்கிறது?"

"எண்ணெய்தானேக்கா. முள்ளா இருக்கப் போகுது?"

"நீ பேசாத. தவக்காலம் தொடங்கற சாம்பல் புதனன்னிக்கே பிரியாணி தின்னவன்."

கருவி பெருமூச்சு விட்டது. அத்தானின் மார்பு ஏறி இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "வாங்கிட்டு வா. பாவம் என்னைச் சேரட்டும்" என்றாள்.

மத்தியான ரயில் காலி. வெயிலில் தண்டவாளம் நீராய் நெளிந்தது. ரயில் நிற்கும்போதெல்லாம் விட்ட பெருமூச்சு, அந்தக் கருவியின் மூச்சாகவே கேட்டது. நானும் கூடச் சேர்ந்து மூச்சு விட்டேன்.

டாக்டர் சொன்ன மருந்துக்கடை பல்லாவரத்தில் இருந்தது. சந்தை நாள். கண்ணாடித் தொட்டிகளில் கலர் மீன் விற்றவரிடம், மீன் எண்ணெய் விற்கும் கடை எங்கே என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இன்னா சார், என் மீனுக்கு மேலு வலியா? தேய்ச்சு வுடப் போறியா? மெடிக்கல் ஸ்டேஷனாண்ட கீது, போ."

அன்று மாலையிலிருந்து நர்ஸ் அதைக் குழாயில் கலந்தார். சில நாளில் அத்தானின் மூச்சு தேறியது, கருவியை எடுத்தார்கள். "எண்ணெயா, மருந்தா, அவர் உடம்பா, என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

இப்படி ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர்களுக்கு ஒன்று: டாக்டரைக் கேட்காமல் குழாயில் ஒரு சொட்டு நெய்கூட விடாதீர்கள். உங்கள் பாசம் நுரையீரலுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் போனால் மீன்காரரிடம் வழி கேட்காதீர்கள்.

அக்கா எல்லாவற்றையும் அத்தானிடம் சொல்லிவிட்டாள். "சரி, நாப்பது நாளையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்" என்றார் அவர். ஈஸ்டரன்று செம்பாக்கம் வீட்டில் எங்களுக்கெல்லாம் ஆட்டுக்கறி, அவருக்கு ரசம் சாதம். எங்களுக்குப் பரிமாறி முடித்த அக்கா, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் தட்டிலும் ரசத்தையே ஊற்றிக்கொண்டாள்.