குமிழி நகர்ந்த வாரம்

மட்டக்காரர் கன்னத்தை மேசை விளிம்பில் ஒட்டி, ஒரு கண்ணை மூடி, மறுகோடி வரை நோட்டம் விடுகிறார். பிறகு ரசமட்டத்தை அடிக்கு ஓரிடமாக வைத்துக்கொண்டே போகிறார். கண்ணாடிக் குழாயின் நடுவில் குமிழி நிற்கும்வரை மூச்சு விடுவதில்லை. யாராவது குறுக்கே பேசினால், "சும்மா இருங்க, மரம் பேசிட்டிருக்கு" என்பார்.

எங்கள் மன்றத்தின் ஷஃபிள்போர்டு மேசை அவர் பொறுப்பு. இருபத்திரண்டு அடி நீளப் பலகையில் எஃகு வில்லைகளைச் சறுக்கிவிட்டு, யாருடையது மறுகோடிக்குக் கிட்டே நிற்கிறது என்று பார்க்கும் ஆட்டம். ஒரு நூல் சாய்ந்தாலும் வில்லை ஓரத்துப் பள்ளத்தில் விழுந்துவிடும். அதனால் அவர் பெயரே மட்டக்காரர். "மட்டமான மனுஷன்" என்று சீட்டாடுகிறவர்கள் சீண்டுவார்கள். "நான் மட்டமா இருந்தாத்தாங்க நீங்க நேரா ஆட முடியும்" என்பார், சிரிக்காமல்.

முன்பு தையல் இயந்திரம் பழுது பார்த்தவர். லிஃப்டில் ஏறமாட்டார். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். "தன் நிழலைப் பாத்தே பயப்படுற ஆளு" என்பார் அவர் மனைவி. போன வருடம் தலைசுற்றி விழுந்ததிலிருந்து பயம் இன்னும் கூடிவிட்டது.

மழை பெய்தால் மரம் ஊதும். மேசைக்கு அடியில் உள்ள திருகாணியைக் கால் சுற்று திருப்பிவிட்டு, இரண்டு நாள் காத்திருப்பார். ஆனால் அந்த வாரம் சன்னல் பக்கத்து மேசைக்கால் மட்டும் தாழ்ந்தது. உயர்த்தினார். மறுநாளே மறுபடி தாழ்ந்தது. மூன்றாம் நாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தலை சுத்துதா, தரை சுத்துதான்னு தெரியல. நீ பாரு."

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். "குமிழி நடுவுல இல்லீங்க. சன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஏறி நிக்குது."

தலையில் கோளாறு இல்லை. அந்த நிம்மதி ஒரு நொடிதான். ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். அங்கும் குமிழி அதே பக்கம் ஓடியது. அப்போது மன்றம் மாடியில் இருந்தது. கைவிளக்கோடு கீழ்த்தளத்துச் சாமான் அறைக்கு இறங்கினார். சன்னலுக்கு நேர் கீழே இருந்த தூணில் விரல் நுழையும் அளவு வெடிப்பு.

செயலாளரிடம் ஓடினார். சனிக்கிழமைப் போட்டிக்கு அறுபது பேரை அழைத்திருந்த நேரம். "பழைய கட்டடம்னா வெடிப்பு இருக்கத்தான் செய்யும். உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை மாலை நானும் கூட்டத்தில் இருந்தேன். மட்டக்காரர் எட்டு வில்லைகளையும் துணிப்பைக்குள் அள்ளினார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார்.

"வில்லை வேணும்னா ரோட்டுக்கு வாங்க!"

திட்டிக்கொண்டே எல்லோரும் பின்னால் இறங்கினோம். செயலாளர் பையைப் பிடித்து இழுத்தார். அவர் விடவில்லை. "என்னை அடிங்க. மேல மட்டும் போகாதீங்க" என்று கெஞ்சினார். அரை மணி நேரம் அந்தக் கூத்து நடந்தது. பிறகு ஆளாளுக்கு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை காலை, மன்றம் திறப்பதற்கு முன்பே தரை உள்வாங்கியது. மேசை சாமான் அறைக்குள் தலைகீழாகக் கிடந்தது. செய்தி சொல்லப்போன செயலாளரை மட்டக்காரர் முழுதாகப் பேச விடவில்லை.

"காலையில கூட்டுற அம்மா உள்ள இல்லையே?"

"இல்லீங்க. அவங்க இன்னும் வேலைக்கே வரல."

மட்டக்காரர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதாராம்.

இப்போது மன்றம் வேறு தெருவில், தரைத்தளத்தில். மேசையும் புதிது. நேற்று யாரோ ஒருவர் வில்லையை மறுகோடி விளிம்பில் பாதி தொங்கும்படி நிறுத்தி ஜெயித்தார். எல்லோரும் காலால் தரையைத் தட்டி ஆரவாரித்தோம். மட்டக்காரர் சட்டென்று குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தார். கடைசிக் கால் ஓய்ந்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.