யார் வூட்டுக்குப் போறோம்?

"அங்க யார் வூட்டுக்குப் போறோம்?" என்று அம்மா கேட்டாள்.

சாமந்திப் பாத்திக்கு நடுவே, மடி நிறையப் பூவோடு நின்றுகொண்டிருந்தாள். நான் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்த வேகம் குறையாமல், பையைக்கூடக் கழற்றாமல், வரப்பில் நின்று போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தேன். திரையில் போர்ச்சுகலின் தெற்குக் கடற்கரை. மஞ்சள் பாறைகள், அவற்றின் காலடியில் நீலத் தண்ணீர், கூரையில் ஓட்டை விழுந்து அதன் வழியே வெயில் இறங்குகிற ஒரு குகை.

"யார் வூட்டுக்கும் இல்லமா. சும்மா சுத்திப் பாக்கப் போறோம்."

"கல்யாணமா, கருமாதியா, கோயிலா? ஒண்ணும் இல்லாத ஊருக்கு எதுக்குப் பாப்பா போறது?"

எங்கள் பக்கத்தில் ஊருக்குப் போவது என்றாலே ஒரம்பரை வீட்டுக்குப் போவதுதான். பயணத்தின் மறுமுனையில் ஒரு சொந்தக்காரர் வீடும், பஸ் சத்தம் கேட்டு வாசலுக்கு வருகிற ஒரு முகமும் இருந்தாக வேண்டும். அம்மா அரூருக்குப் போனால் அது மாமா வீடு. தீர்த்தமலை ஏறி சாமி கும்பிடப் போனாலும், இறங்கி வந்து மாமா வீட்டில் சாப்பிட்டால்தான் அவளுக்கு அந்தப் பயணம் முடிந்த மாதிரி. ஆள் இல்லாத ஊரை அவளால் ஊராகவே நினைக்க முடியவில்லை.

எனக்கோ அந்தக் கடற்கரை ஏற்கெனவே பாதி சொந்த ஊர். ஓசூர் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளைகளில் அதைப் பற்றிப் படித்துப் படித்து, எந்த ரயில் எந்த ஊரில் நிற்கும், மத்தி மீனை எந்தத் துறைமுகத்தில் கரியில் சுட்டுத் தருவார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். போனில் ஒரு செயலியை இறக்கி, அவர்கள் மொழியில் கொஞ்சம் சொற்கள்கூடக் கற்றுக்கொண்டேன். விடுதித் தோழிகளைக் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பார்கள். ஆனால் எனக்கு அம்மாவோடுதான் போக வேண்டும். அவள் கடலைப் பார்த்ததில்லை. முதல்முறை பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவள் வரவில்லை என்றால் நானும் போவதில்லை என்று எனக்குள் தீர்மானித்திருந்தேன்.

அப்பா தன் பங்கைச் சுலபமாக முடித்துவிட்டார். "ரெண்டு பேரும் சேந்து வூட்டை வுட்டா மாட்டை யார் பாக்கறது? நான் இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க. எனக்கும் கொஞ்ச நாளைக்குக் காது குளுகுளுன்னு இருக்கும்."

பக்கத்து வீட்டுச் சின்னம்மாதான் விடவில்லை. "எக்கா, உம்மவ உன்னை வெயில் காயக் கூட்டிட்டுப் போறாளாமே! நம்ம மொட்டை மாடில புளி காயுது பாரு, அது பக்கத்துல ஒரு பாயைப் போட்டுப் படுத்தா ஆவாதா?"

நான் அடுத்த வாரமே திட்டத்தை மாற்றினேன். ஓட்டல் அறைக்குப் பதிலாக ஒரு வீட்டின் மாடி அறையைப் பதிவு செய்தேன். மீன்பிடி ஊர் ஒன்றில், வயதான ஒரு அம்மா தனியாக இருக்கும் வீடு. அம்மாவிடம் சொன்னதும் அவள் பூப் பறிப்பதை நிறுத்திவிட்டு விசாரிக்க ஆரம்பித்தாள்.

"வூட்டுக்காரர் இருக்காரா?"

"இல்ல, தவறிட்டாராம்."

"ஐயோ பாவம். பசங்க?"

"ஒரு பொண்ணு. வேற ஊர்ல வேலை செய்யுது. அந்தப் பொண்ணுதான் எனக்கு இங்கிலீஷ்ல பதில் போடுது."

"மாடு கன்னு உண்டா?"

"பூனை இருக்குமா. அத்தி மரம் இருக்கு."

அம்மா தலையாட்டினாள். எனக்கு உள்ளுக்குள் வெற்றிக் கொட்டு. அப்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. "அவங்க நம்மளை வாங்கன்னு கூப்பிட்டாங்களா?"

"புக் ஆயிடுச்சுமா. உறுதின்னு மெசேஜே வந்துடுச்சு."

"மெசேஜ் வந்தா ஆச்சா? அவங்க வாயால கூப்பிடணும். கூப்பிடாத வூட்டுக்கு நான் வர மாட்டேன்."

இதில் அம்மாவோடு வாதாட முடியாது. நேரில் வந்து தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகையை யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பியதற்காக, ஒரு பங்காளி வீட்டோடு பேச்சை நிறுத்தியவர்கள் நாங்கள். ஆகவே அந்தப் பெண்ணுக்கு எழுதினேன்: உங்கள் அம்மா என் அம்மாவை ஒருமுறை கூப்பிட வேண்டும், எங்கள் ஊர் வழக்கம் அப்படி. சிரிப்புப் பொம்மைகளோடு பதில் வந்தது. தன் அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவார், ஆனால் அவருக்கு இங்கிலீஷ் வராது, தான் அப்போது வேலையில் இருப்பேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டாள். சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றோம். பின்னால் அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

திரை முழுக்க ஒரு முகம் வந்தது. குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, பெரிய கண்ணாடி. போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்திருந்ததால் முகத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. நான் எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, "வேஞா! வேஞா!" என்றார். பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்ததும் இன்னும் உரக்க, "வேஞாம்!" என்றார்.

அம்மா கும்பிட்டாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா பயணப் பேச்சை எடுக்கவே இல்லை. ஓசூரிலிருந்து நான் தினமும் போன் செய்து குகைக்குப் போகும் படகைப் பற்றிச் சொன்னால், "வேணாம் பாப்பா, விட்டுடு" என்றாள். முழங்கால் வலி என்றாள். படகு வரைக்கும் வண்டி போகும் என்றேன். களி இல்லாமல் இருக்க முடியாது என்றாள்; ராகி மாவை எடுத்துப் போகலாம் என்றேன். பூ அறுப்பு என்றாள். அறுப்பு முடிந்து போகலாம் என்றேன். ஒவ்வொன்றையும் நான் அடித்துச் சாய்க்க, பக்கத்திலேயே இன்னொன்று முளைத்தது. வேகமாகப் பதில் சொல்கிற பழக்கத்தில், அவள் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிறு, மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது, அம்மாவும் சின்னம்மாவும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் பூவை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

"மூஞ்சிக்கு நேரா வேணான்னுட்டாங்க" என்றாள் அம்மா. "சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஒரு தரம் இல்ல, திருப்பித் திருப்பி. பின்னால நின்ன இவரைப் பாத்ததும் வேணாம்னு கத்தியே சொல்லிட்டாங்க. இந்தப் பொண்ணுக்கு அது உறைக்கவே இல்ல. எப்படி அவ கிட்டச் சொல்றது? ஆசையா இருக்கறா."

"வெள்ளக்காரிக்குத் தமிழ் எப்படிக்கா தெரியும்?"

"யார் கண்டா. வேணாங்கறதுக்கு மட்டும் எல்லா ஊர்லயும் ஒரே சொல்லு போல."

அந்தச் சொல்லைச் செயலியில் எழுத்து எழுத்தாகப் படித்திருந்தேன். கண்ணால் கற்ற சொல். காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சில் என்னவாக விழும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா! வேஞான்னா அங்க வாங்கன்னு அர்த்தம்மா! வேஞாம்னா எல்லாரும் வாங்க!"

இருவரும் திரும்பினார்கள். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சமாளிக்காத பாப்பா. போகணும்னா நீ எதை வேணும்னாலும் சொல்லுவ."

"வாங்கங்கறதுக்கு வேணாம்னா, வேணாங்கறதுக்கு என்னாடி? வாங்கன்னா?" என்றாள் சின்னம்மா.

எதை எடுத்துக் காட்டினாலும் நம்பப்போவதில்லை. செயலியைத் திறந்து அந்தச் சொல்லை ஒலிக்க வைத்தேன். "பாத்தியா, இதுவும் வேணாங்குது" என்றாள் சின்னம்மா. வேறு வழியில்லாமல், முன்னறிவிப்பு எதுவும் தராமல், அந்த அம்மாவையே கூப்பிட்டேன்.

எடுத்தார். இந்த முறை போனை எதன் மீதோ சாய்த்து வைத்திருந்தார் போல. ஆள் முழுசாகத் தெரிந்தார். மொட்டை மாடி. சுண்ணாம்பு அடித்த வெள்ளைத் தரை. நாணல் பாய் மீது பிளந்த அத்திப்பழங்கள் காய்ந்துகொண்டிருக்க, அவர் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எக்கா, அங்கயும் மாடில காயப் போடறாங்க!" சின்னம்மா போனுக்குள் தலையை விட்டாள்.

அந்த அம்மா நிமிர்ந்தார். என் அம்மாவை அடையாளம் தெரிந்துகொண்டு முகம் மலர்ந்தது. "வேஞா!" என்றார். சொன்னபோதே கை நீண்டது. உள்ளங்கை கீழே பார்க்க, நான்கு விரல்களும் சேர்ந்து மடங்கி மடங்கி விரிந்தன. எங்கள் தெருவில் தூரத்தில் போகிறவரைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுகிற அதே கை.

அம்மா அந்தக் கையையே பார்த்தாள். அவர் ஒரு பழத்தை எடுத்துத் திரைக்கு நேராக நீட்டி, மறுபடியும் கையசைத்தார்.

"கூப்பிடறாங்க" என்றாள் அம்மா, மெதுவாக, எனக்குப் புதிதாகச் சொல்வதைப் போல.

கூப்பிட்டவரைத் திரும்பக் கூப்பிடாமல் விடுவது எங்கள் வீட்டில் இல்லை. அம்மா போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். "நாங்க வர்றோம்ங்க. நீங்களும் பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க வூட்டுக்கு வரணும். வேஞா! கட்டாயம் வேஞா!" அவள் கையும் அதே மாதிரி மடங்கி விரிந்தது.

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு உள்ளே வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏன்மா, வூட்டுக்கு வர்றேங்கறவங்களை இப்படியா கத்திக் கத்தி வேணாங்கறது?"

சின்னம்மா பூ மூட்டை மேலேயே சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். போனில் முகம் மறைந்த பிறகும் அம்மா அதைக் கொடுக்காமல், ஈரக்கை பட்ட திரையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆயுதபூசைக்குப் பூ அனுப்பிட்டுக் கெளம்பலாம்" என்றாள். பிறகு மாடியை அண்ணாந்து பார்த்தாள். "வெறுங்கையோட எப்படிப் போறது? கொட்டை எடுத்த புளின்னா பிளேன்ல விடுவாங்களா, பாப்பா?"